கூரை முதலில், சுவர் பின்னர்: மரக்கால்களும் பச்சை மண் கற்களும் கொண்டு வீடு கட்டும் முறை

களிமண்ணும் மணலும் கலந்த சேற்றை அச்சில் அடைத்து எடுத்து, சூளையில் சுடாமல் வெயிலிலும் காற்றிலும் உலர்த்திப் பெறும் கல் பச்சைக் கல் அல்லது மண் கல் எனப்படும். இக்கல்லால் சுவரும், பனை, சவுக்கு போன்ற மரங்களின் கழிகளால் கால், உத்திரம், கைமரம் ஆகியவையும் அமைத்து வீடு கட்டுவது தமிழ்நாட்டுச் சமவெளிகளில் நெடுங்காலம் வழக்கில் இருந்த முறையாகும். இம்முறையில் எழுப்பிய வீடுகள் பல இடங்களில் சரிந்தமைக்கு மண் வலுவற்றது என்பதே காரணமாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் உலர்ந்த மண் சுவர் தன் எடையையும் அதற்கு மேற்பட்ட பாரத்தையும் தாங்க வல்லது. நீர் ஊறிய மண் சுவரே தன் எடையைக்கூடத் தாங்க மாட்டாமல் அடிப்பகுதியில் கரைந்து உட்காருகிறது. யெமன் நாட்டின் ஷிபாம் நகரில் 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த மண் கல் வீடுகள் பல மாடிகளோடு இன்றும் நிற்பது அங்கே மழை அருகியிருப்பதாலும், சுவர்ப் பூச்சை மக்கள் தொடர்ந்து புதுப்பித்து வருவதாலுமே. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதியை அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் பெறும் தமிழ்நாட்டில் அந்த வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. இங்கே மண் சுவர் கட்டப்படும் நாளிலிருந்தே அதன் தலைக்கு மேல் கூரை இருந்தாக வேண்டும்.

இக்காரணத்தால் இவ்வியல் விளக்கும் முறையில் கட்டுமான வரிசை வழக்கத்துக்கு மாறாக அமைகிறது. கருங்கல் பீடம், அதன்மேல் மரக்கால்கள், அவற்றின்மேல் கூரை என முதலில் முடித்துவிட்டு, சுவரைக் கூரை நிழலில் கடைசியாக எழுப்ப வேண்டும். கூரையின் பாரம் முழுவதும் கால்கள் வழியாகப் பீடத்துக்கு இறங்கிவிடுவதால் சுவர் தன்னை மட்டும் தாங்கினால் போதும். கற்களை அடுக்கி வைக்க இடமும், வேலை செய்வோருக்கு நிழலும், கோடை இடிமழைக்குப் பாதுகாப்பும் அதே கூரையின் கீழ் கிடைத்துவிடுகின்றன. பின்னொரு காலத்தில் சுவரின் ஒரு பகுதி பழுதானாலும், கூரையைத் தொடாமல் அப்பகுதியை மட்டும் பிரித்துக் கட்டலாம் என்பது இம்முறையின் இன்னொரு பெரும்பயன்.

எடுத்துக்காட்டாக, வெளி அளவில் 6 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் கொண்ட வீடு இங்கே கொள்ளப்படுகிறது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் சனவரியில் அடித்தளம் தொடங்கி, பிப்ரவரிக்குள் கூரை ஏற்றி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் கல் அறுத்து உலர்த்தி, மே, சூன் மாதங்களில் சுவர் எழுப்பி, ஆகஸ்டில் பூச்சு முடித்தால் அடுத்த மழைக்காலத்துக்கு முன் வீடு முழுமை பெறும். இக்கால வரிசையைக் கைவிட்டு, கல் அறுக்கும் வேலையைச் செப்டம்பர் வரை தள்ளிப்போடுவோர் நனைந்த கற்களைத் திரும்பச் சேறாக்க நேரும்.

மண்ணைத் தேர்ந்தெடுத்தல்

இந்த வேலையில் மிகுந்த பொறுமை வேண்டுவது மண்ணை அறிவதில்தான். மேல்மண்ணில் வேரும் மட்கும் கலந்திருப்பதால், ஏறக்குறைய ஒரு முழ ஆழத்தை நீக்கிவிட்டு அதற்குக் கீழுள்ள மண்ணையே எடுக்க வேண்டும். நீக்கிய மேல்மண்ணைத் தோட்டத்துக்கு ஒதுக்கி வைப்பது நல்லது. செம்மண் பெரும்பாலும் ஏற்றது. கரிசல் மண் நனைந்தால் உப்பி, காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும் இயல்புடையது ஆதலால் தனியாகப் பயன்படாது. உவர் மண்ணில் அறுத்த கல்லின் மேல் உப்பு பூத்துப் பரப்பு பொடிந்து உதிரும். அதை எந்தக் கலவையாலும் சரிசெய்ய இயலாது. மண்ணைப் பிணைக்கும் பசை களிமண். வெடிக்காமல் காப்பது மணல். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மிக நுண்ணிய வண்டல் துகள் பிணைப்பும் தராது, எலும்புக்கூடாகவும் நில்லாது. களிமண் நூற்றுக்கு 15 முதல் 30 பங்கு வரை இருக்கும் மண் கல்லுக்கு உகந்தது.

இந்தப் பங்கை அறிய முதலில் கண்ணாடிப் புட்டிச் சோதனை செய்யலாம். புட்டியின் மூன்றில் ஒரு பங்கு மண் இட்டு, நீர் நிரப்பி, ஒரு சிட்டிகை உப்புச் சேர்த்து நன்றாகக் குலுக்கி வைத்தால், மணல் ஓரிரு நிமிடங்களில் அடியில் படியும். வண்டல் அதன்மேல் மெல்லப் படியும். களிமண் தெளிய ஒரு நாளோ அதற்கு மேலோ ஆகும். அடுக்குகளின் உயரத்தை அளந்தால் பங்குகள் தோராயமாகத் தெரியவரும். இச்சோதனை மண்ணில் என்ன இருக்கிறது என்பதைக் காட்டுமேயன்றி, அந்தக் களிமண்ணுக்குப் பிணைக்கும் வலு இருக்கிறதா என்பதைக் காட்டாது. அதற்கு, மண்ணாலான கட்டடங்களின் நிலநடுக்கத் தாங்குதிறன் பற்றி இந்தியத் தர நிர்ணய அமைவனம் 1993இல் வெளியிட்ட ஐ.எஸ். 13827 என்னும் நெறிமுறை எளிய வழி ஒன்றைக் கூறுகிறது. ஏறக்குறைய 2 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஐந்தாறு மண் உருண்டைகளைப் பிடித்து, 48 மணி நேரம் உலர்த்தி, ஒவ்வொன்றையும் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து அழுத்த வேண்டும். ஒன்றுகூட உடையாவிட்டால் களிமண் போதும். உடைந்தால் அந்த மண்ணை விட்டுவிட்டு வேறிடத்து மண்ணைத் தேட வேண்டும். ஆய்வுக்கூட அறிக்கையைவிட இந்த உருண்டைகளே கட்டுவோருக்கு அதிகம் சொல்லும் எனலாம். ஏனெனில் கட்டுவோர் தம் கையால் தம் மண்ணின் வலுவை உணர்ந்து கொள்கின்றனர்.

பீடமும் கால்களும்

வானம், அதாவது அடித்தளத்துக்காகத் தோண்டும் பள்ளம், 75 சென்டிமீட்டர் அகலத்தில், கெட்டி மண் தட்டுப்படும் ஆழம் வரை தோண்டப்பட வேண்டும். அதில் கருங்கல் கட்டி, தரைமட்டத்துக்கு மேல் 45 சென்டிமீட்டருக்குக் குறையாமல் பீடம் எழுப்ப வேண்டும். ஆண்டுதோறும் வெள்ளம் தேங்கும் ஊர்களில் வெள்ளக் குறி எட்டிய உயரத்துக்கும் மேலாகப் பீடம் அமைந்தால் ஒழிய மண் சுவரைக் கருதவே கூடாது. பீடத்தின் அகலம் 60 சென்டிமீட்டர். அதில் 30 சென்டிமீட்டர் சுவருக்கும், மீதி வெளிப்பக்கம் மரக்கால்களுக்கும் ஆகும். பீடத்தின் தலையில், நிலத்தின் ஈரம் கல் இடுக்குகள் வழியாகச் சுவருக்கு ஏறாதபடி, 1:3 விகிதச் சிமெண்ட் காரையை இரண்டு விரற்கடை கனத்தில் பரப்பி, உலர்ந்தபின் தார் பூச வேண்டும். சிமெண்ட் தன் முழுப்பயனைத் தருவது இந்த ஓர் இடத்தில்தான்.

கால்களுக்கும் கைமரங்களுக்கும் பழம்பனையின் வெளிப்புற மரத்துக்கு இணையானது அரிது. முதிர்ந்த பனையில் வெளிச்சுற்று கறுத்து வைரம் பாய்ந்திருக்கும். உள்ளே சோற்றுப்பகுதி மென்மையாக இருக்கும். இழைத்த பனங்கையில் சோற்றுப்பகுதி ஒட்டியிருந்தால் அங்கிருந்தே பூச்சி தொடங்கும் ஆதலால், வைரம் மட்டும் எஞ்சுமாறு செதுக்கித் தரச் சொல்ல வேண்டும். பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் அறிவித்தது. மாநில மரமாகிய பனை குறைந்துவரும் நிலையில் வீட்டுக்காகப் புதிதாக வெட்டுவதைவிட, இடிக்கப்படும் பழைய ஓட்டு வீடுகளிலிருந்து வரும் பனங்கைகளைப் பழைய மரக்கடைகளில் தேடி வாங்குவதே முறையானது. அவை பல பத்தாண்டுகள் உலர்ந்து, முறுக்குவதெல்லாம் முறுக்கி முடித்தவை என்பதால் தரத்திலும் உயர்ந்தவை. தட்டிப்பார்த்து ஓசை கணீரென்று வருவதையும், நுனியில் கத்தி முனை இறங்காததையும் பார்த்து எடுக்க வேண்டும்.

கடலூர், விழுப்புரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் சவுக்குக் கழி எளிதாகக் கிடைக்கும். சவுக்கு வலுவான மரமே. ஆயினும் கரையானும் துளைப்பான் பூச்சியும் அதை விரும்பித் தாக்கும். வெட்டியவுடன் பட்டையை உரித்து, ஈரம் வற்றுவதற்கு முன், 100 லிட்டர் வெந்நீரில் 3 கிலோ வெங்காரமும் 2 கிலோ போரிக் அமிலமும் கரைத்த நீரில் ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஊறவைத்து, பின்பு நிழலில் உலர்த்த வேண்டும். வெங்காரம் என்பது போராக்ஸ். இது மரத்தின் ஈரத்தோடு உள்ளே பரவிப் பூச்சிகளைத் தடுக்கும். மழை நீரில் இது கரைந்து வெளியேறும் ஆதலால், இவ்வாறு பதப்படுத்திய கழி கூரையின் கீழ் நனையாமல் இருக்குமிடத்துக்கே பொருந்தும். ஊறவைத்த நீரைக் கால்நடைகளும் குழந்தைகளும் அணுகாதபடி காக்க வேண்டும். கிணற்றருகிலோ வாய்க்காலிலோ ஊற்றலாகாது.

கால்களை மண்ணில் புதைக்கும் பழைய வழக்கத்தை இங்கே கைவிட வேண்டும். அடியைக் கரியாகும்வரை சுட்டுத் தார் பூசிப் புதைத்தாலும், தரைமட்டத்தில் ஈரமும் காற்றும் சேரும் அந்த ஒரு சாண் பகுதி சில ஆண்டுகளில் உளுத்துவிடும். அதற்கு மாறாக, பீடத்தில் பதித்த கருங்கல் அடிக்கல்லின் மேல் காலை நிறுத்தி, அடிக்கல்லின் இருபுறமும் பீடக் கட்டுக்குள் ஆழமாகப் பதித்த இரும்புப் பட்டைகளால் காலை அணைத்து மரையாணி முடுக்க வேண்டும். இந்தப் பட்டை அழகுக்கானதன்று. 2011 டிசம்பர் இறுதியில் கடலூரைத் தாக்கிய தானே புயலும், 2018 நவம்பரில் வேதாரண்யம் பகுதியைக் கடந்த கஜா புயலும் காட்டியதுபோல, புயற்காற்று கூரையை மேல்நோக்கிப் பிடுங்கும். கைமரம் உத்திரத்தோடும், உத்திரம் காலோடும், கால் பீடத்தோடும் இரும்பால் பிணைக்கப்பட்டிருந்தால் பிடுங்கும் விசை பீடத்தின் எடையால் தடுக்கப்படும். இடையில் ஓர் இணைப்பு கயிற்றால் மட்டும் கட்டப்பட்டிருந்தாலும் சங்கிலி அங்கே அறும்.

12 முதல் 15 சென்டிமீட்டர் பருமனுள்ள கால்கள் நீளப்பக்கம் ஒவ்வொன்றிலும் 2 மீட்டர் இடைவெளியில் நான்கும், முகட்டு வளையைத் தாங்க அகலப்பக்கம் ஒவ்வொன்றின் நடுவில் ஒன்றும், ஆக பத்துக் கால்கள் வேண்டும். முகட்டு வளை எனப்படுவது கூரையின் உச்சியில் நீளவாக்கில் ஓடும் மரம்; நீளம் மிகுதி என்பதால் வீட்டின் நடுவே ஒரு குறுக்கு விட்டமும் அதன்மேல் ஒரு குத்துக்காலும் கொடுத்து அதைத் தாங்க வேண்டும். சாய்வு 30 பாகைக்குக் குறையாமலும், இறவாணம் கால்களுக்கு வெளியே 80 சென்டிமீட்டர் நீட்டியும் இருக்குமாறு கைமரங்களைப் பரப்பினால், ஒவ்வொரு கைமரமும் ஏறக்குறைய 3.3 மீட்டர் நீளம் வரும். மங்களூர் ஓடு ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 15 ஓடும் 40 கிலோ எடையும் ஆகும் என்பதால், 50 சதுர மீட்டர் கூரையின் ஓட்டுப் பாரம் மட்டும் 2 டன். ஓலை வேய்ந்தால் பாரம் வெகுவாகக் குறையும். ஆயினும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருப்பதும் தீப்பிடிக்கும் அச்சமும் உண்டு. கால்கள் ஓட்டைத் தாங்கும் அளவில் அமைந்திருந்தால், இன்று ஓலை வேய்ந்து வசதி வந்தபின் ஓடு மாற்றலாம்.

கல் அறுத்தல்

அச்சு என்பது அடியும் மேலும் இல்லாத, நான்கு பக்கமும் இழைத்த மரச் சட்டம். உலர்ந்தபின் 30 சென்டிமீட்டர் நீளம், 14 அகலம், 10 உயரம் இருக்குமாறு கல் அமைய வேண்டும். இரண்டு கற்களின் அகலமும் இடையில் 2 சென்டிமீட்டர் சாந்தும் சேர்ந்து ஒரு கல்லின் நீளத்துக்குச் சமமாவதால், 30 சென்டிமீட்டர் கனச் சுவரில் ஒரு வரி நெடுக்காகவும் மறு வரி குறுக்காகவும் மாறி மாறி வைத்துப் பிணைக்க இந்த அளவு உதவும். சேறு உலரும்போது சுருங்கும் அளவு மண்ணுக்கு மண் மாறும். ஆகவே சில சோதனைக் கற்களை முதலில் அறுத்து உலர்த்தி, சுருக்கத்தை அளந்து, அதற்கேற்ப அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். சோதனைக் கல் குறுக்கே வெடித்தால் மணலும் நறுக்கிய வைக்கோலும் கூட்டவும், விளிம்பு கைபட்டு உதிர்ந்தால் மணலைக் குறைக்கவும் வேண்டும்.

இவ்வீட்டின் சுவரில் வாயில், சன்னல் கழித்து 40 சதுர மீட்டர் பரப்பு வரும். சதுர மீட்டருக்கு 52 கல் வீதம் 2,080 கல்லும், பின்னர் சொல்லப்படும் முட்டுச்சுவர்களுக்கும் உடைசலுக்குமாகச் சேர்த்து 2,500 கல்லும் வேண்டும். கல் ஒன்று ஏறக்குறைய ஏழரைக் கிலோ ஆதலால் மொத்தம் 19 டன் மண்ணை மிதித்துக் கையால் அறுக்க வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத இருவர் நாளுக்கு நூறு கல் என்று வைத்துக்கொண்டால் 25 வேலை நாள் ஆகும். இந்த உழைப்பை முன்கூட்டியே உணர்ந்து, அண்டை அயலாரோடு முறைவைத்து வேலை மாற்றிக்கொள்ளும் ஏற்பாட்டைச் செய்வது சிறந்தது.

சலித்த மண்ணைக் குழியில் இட்டு, நீர் விட்டு, ஒன்றிரண்டு நாள் ஊறவிட்டபின், விரல் நீளத்துக்கு நறுக்கிய வைக்கோலைத் தூவிக் காலால் மிதிக்க வேண்டும். ஊறாத மண்ணில் களிக்கட்டிகள் உள்ளே உலர்ந்தே இருக்கும். அவ்விடங்களில் பின்பு கல் விரியும். சேறு சப்பாத்தி மாவினும் சற்று இளக்கமாக, அச்சைத் தூக்கியதும் சரியாமல் நிற்கும் பதத்தில் இருக்க வேண்டும். நனைத்து மணல் தூவிய அச்சை மட்டமான களத்தில் வைத்து, சேற்றை ஒரே உருண்டையாக ஓங்கி அடித்து, மூலைகளைக் கையால் அழுத்தி, மேலே வழித்துவிட்டு அச்சை நேராகத் தூக்க வேண்டும். முதல் நாள் ஓலைத் தட்டியால் மூடிக் கடுவெயிலைத் தடுத்து, மூன்றாம் நாளளவில் விளிம்பு கெட்டிப்பட்டதும் குத்தாக நிமிர்த்தி, ஒரு வாரத்துக்குப் பின் காற்றோடுமாறு இடைவெளி விட்டுக் கூரையின் கீழ் அடுக்க வேண்டும். நான்கு வாரம் உலர்ந்த கல்லை இரண்டு கற்களின் மேல் பாலம்போல் வைத்து நடுவில் ஓர் ஆள் ஏறி நின்றால் அது உடையக்கூடாது. உடைந்தால் அந்தத் தொகுதியை முழுதும் மீண்டும் சேறாக்கலாம். சுடாத கல்லில் எதுவும் வீணாவதில்லை.

சுவர் எழுப்புதல்

மண் கல்லைச் சிமெண்ட் சாந்தால் கட்டுவது பெருந்தவறு. சாந்து கல்லைவிடக் கடினமாக இருந்தால் கல் அசையும்போது சாந்து விட்டுக்கொடுக்காமல் கல்லையே பிளக்கும். கல் அறுத்த அதே மண்ணோடு மணல் கூட்டிய சேற்றுச் சாந்தே தக்கது. மணலின் அளவை அறிய, மணல் சேராதது முதல் ஒரு பங்கு மண்ணுக்கு மூன்று பங்கு மணல் வரை பல விகிதங்களில் சாந்து குழைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு கற்களுக்கிடையே வைத்து, 48 மணி நேரத்துக்குப் பின் பிரித்துப் பார்க்க வேண்டும். வெடிப்பு இல்லாதவற்றுள் மணல் மிகக் குறைந்த கலவையைத் தெரிந்துகொள்வது முன்சொன்ன ஐ.எஸ். 13827 நெறிமுறை கூறும் வழி.

அதே நெறிமுறையின்படி சுவரின் உயரம் கனத்தைப் போல் எட்டு மடங்குக்கு மேற்படக் கூடாது. 30 சென்டிமீட்டர் கனத்துக்கு அது 2.4 மீட்டர். குறுக்கே தாங்கலின்றிச் செல்லும் நீளத்துக்கும் வரம்பு உண்டு. இக்கனத்துக்கும் உயரத்துக்கும் அதுவும் 2.4 மீட்டரே. எனவே 6 மீட்டர் சுவரில் இரண்டிடத்திலும் 4 மீட்டர் சுவரில் ஓரிடத்திலும் முட்டுச்சுவரோ குறுக்குச்சுவரோ வேண்டும். அவற்றை உள்பக்கமாக எழுப்பி, அவற்றுக்கெனக் கருங்கல் அடித்தளத்தையும் முதலிலேயே கட்டிவிட்டால், இடைவெளிகளில் பலகை பொருத்தி அலமாரியாக்கிக் கொள்ளலாம். சன்னலும் வாயிலும் 1.2 மீட்டருக்கு மேல் அகலமாகவோ, வெளிமூலைக்கு 1.2 மீட்டரினும் நெருக்கமாகவோ அமையலாகாது. அவற்றின் தலையில் வைக்கும் மரம் இருபுறமும் ஒரு முழமளவு சுவருக்குள் சென்று அமர வேண்டும்.

கற்களை வைக்கும் முன் அவற்றின் பரப்பை இலேசாக ஈரப்படுத்தி, நூல் பிடித்து, தூக்குக்குண்டு பார்த்து வரி வரியாக எழுப்ப வேண்டும். நாளொன்றுக்கு அரை மீட்டருக்கு மேல் ஏற்றினால் கீழ் வரிகளின் ஈரச் சாந்து பிதுங்கிச் சுவர் வயிறு தள்ளும். மரம் ஒரு வகையாகவும் மண் வேறு வகையாகவும் சுருங்கும் ஆதலால், காலுக்கும் சுவருக்கும் இடையே இரண்டு விரற்கடை இடைவெளி விட்டு, நான்கு வரிக்கு ஒருமுறை காலில் அறைந்த துத்தநாகம் பூசிய கம்பியைச் சாந்துக்குள் படுக்கவைத்துப் பிணைக்க வேண்டும். சுவரின் தலைக்கும் குறுக்கு விட்டத்துக்கும் இடையிலும் நான்கு விரற்கடை விட வேண்டும். சாந்து உலர உலரச் சுவர் தானே சற்று இறங்கும்; அந்த இறக்கம் முடிந்தபின் இடைவெளியை வைக்கோல் கலந்த மண்ணால் அடைக்கலாம். கூரைச் சாய்வுக்குக் கீழே அகலப்பக்கத்தில் உண்டாகும் முக்கோணத்தை மண் கல்லால் அடைக்காமல் மூங்கில் தட்டியால் மூடினால், தலைக்கனம் குறைவதோடு சூடான காற்றும் வெளியேறும்.

பூச்சும் பராமரிப்பும்

சுவர் கட்டி முடித்து ஒரு மாதமாவது உலர்ந்தபின்பே பூச வேண்டும். முதற்பூச்சு வைக்கோற்கூளம் மிகுதியாகக் கலந்த மண்; இரண்டாம் பூச்சு சலித்த மண்ணும் நுண்மணலும் சாணமும் சேர்ந்தது; அதன்மேல் சுண்ணாம்பு அடிக்கலாம். சிமெண்ட் பூச்சு நெடுநாள் உழைக்கும் என்னும் நம்பிக்கை ஊர்தோறும் பரவியிருப்பது வருத்தத்துக்குரியது. மண் சுவர் உறிஞ்சும் ஈரத்தைத் தானே வெளியே விடும் இயல்புடையது. சிமெண்ட் தோல் அவ்வழியை அடைக்க, ஈரம் உள்ளே தேங்கிச் சுவர் கண்ணுக்குத் தெரியாமல் இளகி, ஒரு நாள் பூச்சு பாளமாகச் சுவரின் மண்ணையும் பிடுங்கிக்கொண்டு விழும். மண் பூச்சு கரைந்தால் கரைந்தது வெளியே தெரியும். ஒரு கூடை மண்ணில் அதைச் சரிசெய்துவிடலாம்.

பீடத்தைச் சுற்றிலும் நிலம் வெளிநோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இறவாண நீர் விழும் கோட்டில் சரளைக் கல் பரப்பினால் தெறிப்பு குறையும். ஆண்டுதோறும் செப்டம்பரில் ஓடுகளில் உடைந்தவற்றை மாற்றி, இரும்புப் பட்டைகளின் மரையாணிகளை முடுக்கி, சுவரின் அடிப்பகுதியில் பூச்சு தேய்ந்த இடங்களை மெழுக வேண்டும். மாதம் ஒருமுறை பீடத்தின் கருங்கல் முகத்தைச் சுற்றிவந்து பார்த்தால், கரையான் மேலேறும் மண்கோடு கல்லின் மேல் பளிச்செனத் தெரியும். அதை உடனே சுரண்டி, தொடங்கிய இடத்தைக் கண்டு அழிக்க வேண்டும். பீடத்தை ஒட்டி விறகோ வைக்கோலோ அடுக்கி வைத்தால் இந்தக் கோடு மறைந்துபோகும் ஆதலால், அவற்றுக்கு வீட்டிலிருந்து விலகிய தனி இடம் ஒதுக்கப்பட வேண்டும்.